காசில் எழுதிய ஆண்டும் கருத்தில் எழுதிய ஆண்டும்



காசைத் தொடாத நாள் நம் வாழ்வில் அரிது. காலையில் பால்காரருக்குக் கொடுக்கிறோம். பேருந்தில் நடத்துநரிடம் மீதி வாங்குகிறோம். ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பையில் இடுகிறோம். ஆயிரம் முறை தொட்ட அந்தக் காசை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? இவ்வரிகளை வாசிக்கும் நீங்கள் பணப்பையைத் திறவாமலேயே விடை சொல்லிப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசில் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பது சிங்கத் தலைகள் உள்ள பக்கத்திலா, மதிப்பு எழுதிய பக்கத்திலா? அந்த ஆண்டின் கீழே சிறு குறி ஏதும் உண்டா? நம்மில் பலர் திகைத்து நிற்போம்.

இது நமக்கு மட்டும் உள்ள குறையன்று. 1979ஆம் ஆண்டில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், அந்நாட்டு மக்களிடம் அவர்களது ஒரு சதக் காசை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பிறந்தது முதல் கையாண்டு வந்த காசுதான். ஆயினும் வரைந்தவர்கள் தலையைத் திருப்பி வைத்தார்கள், எழுத்தை இடம் மாற்றினார்கள், சிலவற்றை அடியோடு விட்டுவிட்டார்கள். பதினைந்து படங்களைக் காட்டி உண்மையான காசு எது எனக் கேட்டபோதும், பாதிப் பேருக்கும் குறைவானவர்களே சரியாகச் சுட்டினார்கள். கை அறிந்ததைக் கருத்து அறியவில்லை.

ஆனால் காசின் ஆண்டைக் கண்டவுடன், "இது எளிதில் கிடைக்கும், அது பத்தாயிரத்தில் ஒன்று" என்று சொல்லக்கூடிய மனிதர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் பழங்காசு சேகரிப்போர். நூற்றுக்கணக்கான ஆண்டுகளை அவர்கள் எவ்வாறு மனத்தில் வைத்திருக்கிறார்கள்? அந்த நினைவாற்றலில் குடும்பத்தவராகிய நமக்குப் பாடம் உண்டா? இம்மாதம் இதனைச் சற்றே சிந்திப்போம்.

காசு நோட்டம் அறிந்த முன்னோர்

புதுவை மக்கள் பெரிய மார்க்கெட் என வழங்கும் அங்காடி, புதுச்சேரியின் முதல் முதலமைச்சராய் விளங்கிய எதுவார் குபேர் அவர்களின் பெயரைத் தாங்கியது. மீனும் பூவும் காய்கனியும் மளிகையும் நெருக்கியடிக்கும் அந்தச் சந்துகளிலிருந்து சம்பா கோயில் மணியோசை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் அருகிலேயே நிற்கிறது. ஞாயிறுதோறும் மார்க்கெட்டை ஒட்டிய மகாத்மா காந்தி வீதியில் விரியும் நடைபாதைக் கடைகளிடையே, சிற்சில வேளைகளில் பழங்காசுகளையும் காணலாம். அங்கே ஒரு காசைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது அரசன் முகத்தையன்று, ஆண்டைத்தான்.

இப்பழக்கம் புதிதன்று. பிள்ளையவர்கள் தம் புகழ்பெற்ற நாட்குறிப்பைத் தொடங்கிய அதே 1736ஆம் ஆண்டில்தான், பிரெஞ்சு ஆளுநர் துய்மா ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகானிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். மொகலாயப் பேரரசர் பெயரைப் பொறித்து, பிறைக் குறியிட்டுப் புதுவை அக்கசாலையில் வெள்ளி ரூபாய்கள் வெளிவந்தன. அங்காடியில் புழங்கிய சிறு காசுகளோ வேறு. பிரெஞ்சு அரச குலத்தின் லீலி மலர் ஒரு பக்கமும், தமிழ் எழுத்தில் ஊர்ப்பெயர் மறுபக்கமும் தாங்கிய செப்புத் துட்டுகள் அவை. பாரீசு அரசின் மலரும் நம் தாய்மொழியும் ஒரே காசின் இரு முகங்களாய் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்! அச்செப்புக் காசுகளுள் பலவற்றில் ஆண்டே கிடையாது. லீலி மலர் போய்ச் சேவல் உருவம் வந்த 1836, 1837ஆம் ஆண்டுக் காசுகளில் ஆண்டு தெளிவாய் நிற்கிறது. எட்டுப் பணம் ஒரு ரூபாய் என்பது பிரெஞ்சுப் புதுவையின் கணக்கு.

அக்காலத்தில் காசின் ஆண்டை அறிவது பொழுதுபோக்கன்று, பிழைப்பு. மொகலாய முறையில் அச்சான சிக்கா ரூபாய், அச்சான ஆண்டு கழிந்தவுடன் முழு மதிப்பிலிருந்து சற்றுக் குறைந்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் குறையும். அக்குறைவை வட்டம் என்பார்கள். எந்த ஆண்டு ரூபாய்க்கு எவ்வளவு வட்டம் எனச் சராபுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லியாக வேண்டும். குடியானவன் அந்த எழுத்தை வாசிக்க அறியான். சராபு சொன்னதே அவனுக்கு விலை. இக்கொடுமையைத் தடுப்பதற்காகவே வங்காளத்தில் ஆங்கிலக் கம்பெனியார், ஷா ஆலம் பேரரசரின் 19ஆம் ஆட்சியாண்டையே ஒவ்வோர் ஆண்டும் மாற்றாமல் பொறித்துவந்தார்கள். சென்னைப் பக்கத்து ஆர்க்காட்டு ரூபாயிலும், இசுலாமிய ஆண்டு 1172 என்பது பல்லாண்டுகள் அப்படியே உறைந்து நின்றது. ஏழையை ஏய்க்கும் கருவியாய் ஆண்டு மாறியபோது, ஆண்டையே அசையாமல் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று!

இன்னும் பின்னோக்கிச் சென்றால், காசு நோட்டம் பார்ப்போருக்கு வண்ணக்கர் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் எனச் சங்கப் புலவர் ஒருவரே இருந்திருக்கிறார். கோவை, கரூர்ப் பகுதிகளில் புதையலாய்க் கிடைத்த உரோமை வெள்ளிக் காசுகளுள் அகுஸ்துஸ், திபேரியுஸ் ஆகிய இரு பேரரசர்களின் காசுகளே மிகுதி. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுஸின் காசு, நம் ஆண்டவர் இயேசுவிடம் வரி பற்றிக் கேட்டவர்கள் காட்டிய தெனாரியத்தின் வகையைச் சேர்ந்ததெனப் பலரும் கருதுவதாகும். யெருசலேமில் பெருமானின் திருக்கண்கள் நோக்கிய வகைக் காசு, அதே நூற்றாண்டில் நம் தமிழ்நாட்டு மிளகுக்கும் மணிக்கும் விலையாய் இங்கு வந்து சேர்ந்தது என்பது நம் உள்ளத்தைச் சிலிர்க்க வைக்கிறது.

அரிய ஆண்டுகள்

இன்றைய சேகரிப்போர் நினைவில் வைத்திருப்பவை யாவை? ஒரே வகைக் காசு ஆண்டுதோறும் வெளிவரும்போது அதனை ஒரு தொடர் என்பார்கள். தொடரில் பெரும்பாலான ஆண்டுகள் கோடிக்கணக்கில் அச்சானவை. ஒன்றிரண்டு ஆண்டுகள் மட்டும் ஏதோ ஒரு காரணத்தால் குறைந்துபோயிருக்கும். அவற்றை ஆங்கிலத்தில் கீ டேட் என்பார்கள். நாம் அரிய ஆண்டு என்போம். அது இல்லாமல் தொடர் நிறைவு பெறாது.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு ரூபாயைப் பாருங்கள். மன்னர் அணிந்திருந்த விருதுச் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. அச்சில் அதன் துதிக்கை குறுகிப்போய்ப் பன்றி போல் தோன்றியது. இசுலாமிய மக்கள் மனம் புண்பட்டார்கள். வெளிவந்தவை சிறு பகுதியே, எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912ஆம் ஆண்டில் யானை திருத்தி வரையப்பட்டது. அது முதல் அதற்குப் பன்றி ரூபாய் என்றே பெயர். பிறர் சமய உணர்வை மதிக்கத் தவறிய ஒரு சிறு கோடு ஓர் அரசின் காசையே செல்லாக்காசாக்கிய கதை இது.

அடுத்து ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு ரூபாய். அதுவரை ரூபாயில் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. போர் மூண்டது, மக்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள். 1940ஆம் ஆண்டில் அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. ஒரு ரூபாய்த் தாளும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய நல்வெள்ளி ரூபாய்கள் படிப்படியாய்த் திரும்பப் பெறப்பட்டன. மிகச் சிலவே அச்சான 1939ஆம் ஆண்டு ரூபாய் இன்று இந்தியச் சேகரிப்போர் கனவு காணும் காசு.

தேர்ந்தவர்கள் இருக்கும் ஆண்டுகளை மட்டுமன்றி இல்லாத ஆண்டுகளையும் மனத்தில் வைத்திருப்பார்கள். 1922ஆம் ஆண்டுக்குப் பின் 1938 வரை வெள்ளி ரூபாயில் ஆண்டுகளே இல்லை. ஆகவே 1930 என்று பொறித்த ரூபாயை எவரேனும் நீட்டினால் அது போலி என வாங்குமுன்பே சொல்லிவிடலாம். 1947ஆம் ஆண்டு நிக்கல் ரூபாயில் புலி நிற்கிறது. அதன்பின் 1950ஆம் ஆண்டில்தான் அசோகச் சிங்கங்கள் வருகின்றன. இடையே 1948, 1949 என ரூபாய் இல்லை. நயா பைசா வருமுன் வெளியான குடியரசு ரூபாய்கள் 1950, 1954 ஆகிய இரு ஆண்டுகளையே தாங்கின. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சுக் கொடி இறங்கிய புதுவைக்கு அந்த இரண்டாம் ஆண்டு வேறொரு பொருளும் உடையதன்றோ?

ஆண்டை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். விக்டோரியா அரசியின் 1840ஆம் ஆண்டு ரூபாய் அவ்வோர் ஆண்டில் மட்டும் அச்சானதன்று. பல ஆண்டுகள் அதே எண்ணோடு வெளிவந்தது. 1862ஆம் ஆண்டு ரூபாயும் அவ்வாறே. பம்பாய் அக்கசாலை அதில் சிறு புள்ளிகளைக் கூட்டிக் கூட்டி உண்மை ஆண்டைக் குறித்தது. நம் காலக் காசிலும் ஆண்டின் கீழே உள்ள குறியைக் காணுங்கள். வைர வடிவம் எனில் மும்பை. விண்மீன் எனில் ஐதராபாத்து. புள்ளி எனில் நொய்டா. குறியே இல்லையெனில் கொல்கத்தா.

பிற நாடுகளிலும் இப்படியே. அமெரிக்கரின் லிங்கன் சதத்தில், சான்பிரான்சிசுகோவில் அடிக்கப்பட்டு வடிவமைத்தவரின் பெயரெழுத்துகளைத் தாங்கிய 1909ஆம் ஆண்டுக் காசு 4,84,000 மட்டுமே. 1931ஆம் ஆண்டில் பொருளாதார மந்தத்தால் அதே அக்கசாலை அடித்தது 8,66,000 மட்டுமே. இங்கிலாந்தில் 1933ஆம் ஆண்டுப் பென்னி ஏறத்தாழ ஏழுதான். புழக்கத்தில் வேண்டிய அளவு பென்னி இருந்தமையால் அவ்வாண்டு அச்சிடத் தேவை ஏற்படவில்லை. சில கட்டடங்களின் அடிக்கல்லின் கீழ் வைப்பதற்கென்று ஒரு சில மட்டும் அடித்தார்கள். லீட்சு நகரின் ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்றன் அடிக்கல்லின் கீழிருந்த பென்னி 1970ஆம் ஆண்டில் திருடு போயிற்று. வேறோர் ஆலயத்தில் இருந்ததும் களவு போய்விடும் என அஞ்சிய அவ்விடத்து ஆயர், அதனைத் தோண்டியெடுத்து விற்குமாறு பணித்தார். 1972ஆம் ஆண்டில் அது ஏலத்தில் விலைபோயிற்று. ஒரு பென்னிக்காக ஆலயத்தின் அடிக்கல்லையே பெயர்க்க வேண்டியதாயிற்று!

ஒன்றைக் கவனியுங்கள். வளம் கொழித்த ஆண்டின் காசு எங்கும் கிடைக்கும். போரும் பஞ்சமும் மந்தமும் வந்த ஆண்டின் காசே பெரும்பாலும் அரியதாகிறது. அன்று எவரும் விரும்பாத ஆண்டு, பின்னர் எல்லாரும் தேடும் ஆண்டாகிறது.

அவர்கள் எவ்வாறு நினைவில் கொள்கிறார்கள்?

இவர்களுக்கு இறைவன் தனியாய் ஒரு மூளையைப் படைத்துத் தரவில்லை. தொலைபேசி எண்ணையும் கடைச் சாமானையும் நம்மைப் போலவே மறப்பவர்கள்தாம். தாம் சேகரிக்கும் தொடரில் அவர்கள் வல்லவர்கள். அடுத்த தொடருக்குப் போனால் தடுமாறுவார்கள். ஜார்ஜ் மன்னரின் ரூபாயை ஒப்பிப்பவர் சோழர் காசின் முன் மாணவராய் நிற்பார். 1973ஆம் ஆண்டில் சேசு, சைமன் என்னும் அறிஞர் இருவர் சதுரங்க வல்லுநரிடம் இதையே கண்டார்கள். உண்மையான ஆட்டத்தின் காய்நிலையைச் சில வினாடிகள் காட்டினால் வல்லுநர் ஏறத்தாழ அப்படியே திரும்ப வைத்தார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினாலோ, அவரது நினைவு புதியவரின் நினைவைவிட அதிகம் மேம்படவில்லை. பொருள் உள்ள இடத்தில்தான் நினைவு வேர் பிடிக்கிறது.

ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன்பே புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பெருந்தொகையில் நினைவைப் பேண நான்கு வழிகளைக் காட்டியிருக்கிறார். நினைக்க வேண்டியதைச் சற்றே வழக்கத்துக்கு மாறான உருவத்தோடு இணைத்தல் ஒன்று. ஒழுங்குபட வரிசைப்படுத்தல் இரண்டு. அதன்மீது அக்கறையும் அன்பும் கொள்ளுதல் மூன்று. அடிக்கடி சிந்தித்தல் நான்கு. காசு சேகரிப்போர் அவரை வாசித்திருக்கமாட்டார்கள். ஆயினும் அவர் சொன்னதையே செய்கிறார்கள்.

1911 என்னும் வெற்று எண் மறந்துபோகும். பன்றியாய்த் தோன்றிய யானை மறவாது. இது உருவம். அரசர் வாரியாய், அக்கசாலை வாரியாய்ப் பிரித்து வைப்பதால் நூறு ஆண்டுகள் ஆறேழு கட்டுகளாய்ச் சுருங்குகின்றன. விக்டோரியா 1876 வரை அரசி, 1877 முதல் பேரரசி என ஒரு வரி தெரிந்தால், பட்டத்தைக் கொண்டே காலத்தைச் சொல்லலாம். இது ஒழுங்கு. நூற்றைம்பது மங்கள வார்த்தை செபங்களைப் பத்துப் பத்தாய்ப் பகுத்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு மறையுண்மையைச் சேர்த்துத் தந்த திருச்சபைத் தாய் இக்கலையை நம் பாட்டியாருக்கும் கற்றுத் தந்திருந்தார். எழுதப் படிக்க அறியாத எத்தனையோ தாய்மார் ஒன்றும் பிசகாமல் செபமாலை சொன்னது இதனாலன்றோ?

மூன்றாவது வழியே முதன்மையானது. சேகரிப்போர் அட்டைத் தொகுப்பில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வட்டக் குழி உண்டு. அடியில் ஆண்டு அச்சாகியிருக்கும். காசு கிடைத்ததும் குழி நிறையும். நிறைந்த குழியைக் கண் தாண்டிப் போகும். காலியான குழியில்தான் கண் தங்கும். பல்லாண்டு காலியாய் இருக்கும் ஒரு குழி, அந்த ஆண்டை எந்த ஆசிரியரும் கற்றுத் தராத அளவுக்குக் கற்றுத் தந்துவிடுகிறது. இழப்பின் ஏக்கமே இவர்களுடைய நினைவுக்கு அடித்தளம்.

விலைப்பட்டியல் நூல்களும், 1972 முதல் உலகக் காசுகளின் பெருந்தொகுப்பும் வெளிவந்திருக்கின்றன. இன்று கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கின்றன. பின் மனப்பாடம் எதற்கு எனலாம். நூல் விடை சொல்லும். ஆனால் வினாவை எழுப்பாது. ஒரு குவியலின் முன் நிற்பவருக்கு எந்தக் காசில் கண்ணை நிறுத்துவது என்பதை நினைவே சொல்லியாக வேண்டும்.

ஏமாற்றுவோர் வலை

இங்கே குடும்பத் தலைவர்களுக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. "பழைய காசு உள்ளதா? பல இலட்சம் தருகிறோம்" என்னும் விளம்பரங்களை நம்பி, பதிவுக் கட்டணம் என்றும் வரி என்றும் தரகு என்றும் கைப்பணத்தை இழந்த குடும்பங்கள் பல. விற்பவருக்கு வர வேண்டிய பணம் வருவதில்லை. அவரிடமிருந்தே பணம் போய்க்கொண்டிருக்கும். தன் பெயரையும் இலச்சினையையும் காட்டி மோசடிக்காரர்கள் கட்டணம் கேட்கிறார்கள் என்றும், தான் அத்தகைய விற்பனையில் ஈடுபடுவதோ தரகு பெறுவதோ இல்லை என்றும் இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. காசை வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு மோசடி, ஆண்டையே திருத்துவது. அமெரிக்காவில் எளிதாய்க் கிடைக்கும் 1944ஆம் ஆண்டுச் சதத்தில் ஓர் எண்ணைச் செதுக்கி, அரிய 1914ஆம் ஆண்டுக் காசாக்கி விற்றவர்கள் உண்டு. அரிய ஆண்டு எதுவெனச் சேகரிப்போர் அறிந்திருப்பது போலவே ஏமாற்றுவோரும் அறிந்திருக்கிறார்கள். எனவே, எந்த ஆண்டு அரிது என அறிவது பாதி அறிவே. உண்மைக் காசு எப்படியிருக்கும் என அறிவதே மறுபாதி.

பாட்டனார் பெட்டியில் பழங்காசு கிடைத்தால் உடனே புளியும் சாம்பலும் இட்டுத் துலக்க வேண்டாம். பளபளப்பு ஏறும், மதிப்போ இறங்கும். வெள்ளி எடைக்குப் போடுமுன் ஆண்டைப் பாருங்கள்; அறிந்தவர் இருவரிடம் தனித்தனியே கேளுங்கள். மண்ணில் தோண்டும்போது கிடைத்ததாயின் அது வேறு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உடன்பிறந்தாரிடையே பெட்டியைப் பகிரும்போது, காசைவிட உறவு அரியது என்பதையும் மறவாதீர்கள்.

நம் இல்லத்தின் அரிய ஆண்டுகள்

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். 1939ஆம் ஆண்டு ரூபாய் அரிது என ஒருவர் சொன்னால் வியக்கிறோம். நம் தந்தையார் திருமுழுக்குப் பெற்ற நாள் நமக்குத் தெரியுமா? தாயார் முதன்முறை நற்கருணை வாங்கிய ஆலயம் எது? நமக்கு ஞானப்பெற்றோராய் நின்றவர்கள் யார்? பிறந்து சில நாள்களே வாழ்ந்து இறைவனிடம் சென்ற அக்காளோ தம்பியோ நமக்கு உண்டா? அக்குழந்தையின் பெயர் என்ன? பாட்டியார் உயிரோடிருக்கும்வரை இவற்றிற்கெல்லாம் விடை ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவர் கண்மூடிய மறுநாள் அவ்விடைகளும் அவரோடு அடக்கமாகிவிடுகின்றன. கல்லறையில் கல் நாட்டப் பிறந்த ஆண்டைத் தேடி, பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் காட்சி நம் பங்குகளில் அரிதன்று.

பங்கு ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். பிறப்பும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதில் உண்டு. பின்னர் உறுதிப்பூசுதலும் திருமணமும் அதே இடத்தில் குறிக்கப்படுகின்றன. செல்வர் மகனுக்கும் மீனவர் மகளுக்கும் அதில் ஒரே அளவு இடம். எல்லாரும் மறந்த பின்னும் திருச்சபை ஒருவரைப் பெயர் சொல்லி நினைத்திருக்கிறாள் என்பதற்கு அந்தப் பழுப்பேறிய ஏடு சாட்சி. ஆனால் அதுவும் ஆண்டும் பங்கும் தெரிந்து தேடுபவருக்கே எளிதில் விடை தரும்.

நம் குடும்பங்களிலும் வளம் கொழித்த ஆண்டுகள் உண்டு. அவை ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன. துன்பம் வந்த ஆண்டுகள் வேறு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று கடல் பொங்கி வந்ததை நம் கடற்கரைப் பங்குகள் மறக்குமா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறி, பலாவும் முந்திரியும் தென்னையும் சாய்ந்ததை மறப்போமா? 2020ஆம் ஆண்டில் ஆலயக் கதவுகள் மூடியிருந்த பெரிய வாரத்தை மறப்போமா? அந்த ஆண்டுகளில் யார் நமக்கு அரிசி தந்தார்? யார் இரவு முழுதும் உடனிருந்தார்? எந்த அண்டை வீட்டார் வேறு சமயத்தவராயிருந்தும் தம் கூரையின் கீழ் இடமளித்தார்? அன்று நாம் விரும்பாத அந்த ஆண்டுகளில்தான் அன்பின் அரிய காசுகள் அடிக்கப்பட்டன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லாவிடில், தாங்கள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

நற்செய்தியாளர் லூக்கா கூறும் உவமையில், பத்துக் காசுடைய ஒரு பெண் ஒன்றைத் தொலைத்துவிடுகிறாள். விளக்கேற்றி, வீடு பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறாள். கிடைத்ததும் அண்டை அயலாரை அழைத்து மகிழ்கிறாள். இப்பெண்ணைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் நினைவாற்றலை ஆராயும் இடத்தில் ஓர் அரிய கருத்தைச் சொல்கிறார். காசு அவள் கண்ணுக்குத் தொலைந்தது, நினைவுக்குத் தொலையவில்லை. நினைவிலும் அது தொலைந்திருந்தால் அவள் தேடியிருக்கவேமாட்டாள். கண்டாலும் தன்னுடையது என அறிந்திருக்கமாட்டாள் என்பது அவர் கருத்து. ஒன்பது காசு இருக்கிறதே என அவள் அமைதியடையவில்லை. அந்த ஒரு காலியிடம் அவளை உறங்கவிடவில்லை. இறைவன் நம்மைத் தேடுவதும் இப்படித்தான். அவரது தொகுப்பில் நாம் ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்றாய் அடிக்கப்பட்டவர்கள். நமக்கு மாற்றுக் காசு கிடையாது.

ஆகவே வாசகர்களே, இம்மாதமே ஒரு செயலைச் செய்யுங்கள். இல்லத்துத் திருவிவிலியத்தின் முன்பக்கத்திலோ ஒரு நல்ல ஏட்டிலோ குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பிறப்பு, திருமுழுக்கு, முதல் நற்கருணை, உறுதிப்பூசுதல், திருமணம், மரணம் எனக் கட்டம் கட்டுங்கள்; ஆலயத்தின் பெயரையும் சேருங்கள். தெரிந்ததை நிரப்புங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். அந்த வெற்றிடமே உங்களைத் தேட வைக்கும். அந்த ஏட்டோடு வீட்டுப் பெரியவர் அருகே ஒரு மாலை அமருங்கள். அவர் ஆண்டைச் சொல்லாமல் "புயல் அடித்த வருசம்" என்றோ "பிரெஞ்சுக்காரன் போன வருசம்" என்றோ சொன்னால் பொறுமையாய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோமா அக்குவினார் சொன்ன உருவமும் ஒழுங்கும் அன்பும் அவர் பேச்சில் இருக்கும். அடிக்கடி சிந்தித்தல் என்னும் நான்காம் வழி நம் பொறுப்பு. இறந்தோர் நினைவு நாளில் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது, அந்த ஏட்டை எடுத்து ஒரு பெயரையேனும் பிள்ளைகளைக் கொண்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.